கோட்டுக்கு ஏது மனநிலை? பேனா மை நிலக்காட்சிகளைப் பார்ப்பது எப்படி

கேள்வி இது: “பேனாவும் மையும் கொண்டு வரைந்த நிலக்காட்சிகளைப் பற்றிப் பேசுபவர்கள் ‘பதற்றமான கோடு’, ‘அமைதியான கோடு’ என்கிறார்கள். என் கண்ணுக்கு மரமும் மலையும் வீடும்தான் தெரிகின்றன. நிறம்கூட இல்லாத வெறும் கோட்டில் மனநிலை எங்கே இருக்கிறது? இதைப் பார்க்கப் பழகலாமா, இல்லை எல்லாம் சும்மா அளந்துவிடுவதா?”

அளந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவியரின் வாழ்க்கைக் கதையைப் படித்துவிட்டு, அதிலிருந்த சோகத்தை எடுத்துப் படத்தின் மேல் பூசிவிடுவது சுலபம். அதற்காகக் கோட்டில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. சொல்லப்போனால் அதை நீங்கள் தினமும் படித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், கையெழுத்தில். வீட்டில் யாரோ ஒரு துண்டுச் சீட்டில் ‘சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது’ என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். செய்தி சாவியைப் பற்றியது, அவ்வளவுதான். ஆனால் எழுத்துகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுழிகள் பாதியில் நின்று, கடைசி எழுத்தின் வால் தாளின் ஓரம்வரை இழுபட்டிருந்தால், அரக்கப்பரக்கக் கிளம்பியிருக்கிறார்கள் என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது. அதே வரி முத்து முத்தாக இருந்தால் வேறு கதை. பேனா போன போக்கிலிருந்து இதைக் கண்டுபிடிக்கிறீர்கள்.

பேனா நிலக்காட்சியில் மரம், மலை, வீடு எல்லாம் அந்தச் சாவிச் செய்தி மாதிரி. கோடுதான் கையெழுத்து. நீங்கள் செய்தியோடு நின்றுவிடுகிறீர்கள்.

நமக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. நிலத்தைச் சொன்னவுடன் மனநிலையையும் சொல்லிவிடும் மொழி நம்முடையது. கடற்கரை என்றால் இரங்கல், வறண்ட வழி என்றால் பிரிவு, மலை என்றால் கூடல். திணை மரபு கவிதைக்குக் கொடுத்த பெரிய வசதி அது. பேனா ஓவியத்தின் முன்னால் அந்த வசதியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைக்க வேண்டியிருக்கிறது. ஆளில்லாத கடற்கரையைக் குதூகலமாக வரையலாம். பூத்துக் குலுங்கும் தோட்டத்தை மூச்சு முட்டும்படி வரையலாம். எதை வரைந்திருக்கிறார்கள் என்பதை வைத்து மனநிலையைச் சொன்னால் பாதி நேரம் தவறிவிடும்.

நான் செய்வது இதுதான்: பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லைத் தேடுவேன். ‘மரம்’ என்று சொல்லாமல், கோடு என்ன செய்கிறது என்று சொல்லிப் பார்ப்பேன். கீறுகிறதா, வருடுகிறதா, கொத்துகிறதா, தயங்குகிறதா, இழுத்துக்கொண்டே போகிறதா? இரட்டைக்கிளவி இங்கே நன்றாகக் கைகொடுக்கும். சொரசொர, வழவழ, வெடவெட, மொறுமொறு. ஒரு படத்தில் புல் மொறுமொறுவென்று இருக்கிறது, இன்னொன்றில் கொழகொழவென்று இருக்கிறது என்று நண்பர் ஒருவர் சொன்னபோது சிரித்துவிட்டேன். அப்புறம் உற்றுப் பார்த்தால், அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. முதல் படத்தில் ஒவ்வொரு கோடும் பட்டென்று முறிந்திருந்தது. இரண்டாவதில் கோடுகள் முனையில் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

இது விளையாட்டுப் பேச்சும் இல்லை. சீனத்து மை ஓவிய மரபில் பாறையின் மேல் இழுக்கும் கோட்டு வகைகளுக்கே பெயர்கள் உண்டு: கோடரி வெட்டு, சணல் நார், மழைத்துளி. சுமார் 1000ஆம் ஆண்டில் ஃபான் குவான் என்ற சீன ஓவியர் வரைந்த மலையை நினைவுகூர்பவர்கள் மழைத்துளிக் கோட்டைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அது தூரிகை, நாம் பேசுவது பேனா. ஆனாலும் பொருளைவிடக் கைவீச்சுக்கு முதலில் பெயர் வைத்தார்கள் பாருங்கள், அந்தப் பழக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

வேகத்திலிருந்து தொடங்குவோம், கண்ணில் எளிதாகப் படுவது அதுதான். வேகமாக இழுத்த கோடு முடிவில் மெலிந்து வால்போல ஓடும். மெதுவாக இழுத்த கோட்டில் கையின் சிறு நடுக்கம் பதிந்திருக்கும், கை நின்று யோசித்த இடத்தில் மை தேங்கி ஒரு பொட்டு விழுந்திருக்கும். லியோனார்டோ டா வின்சி 1473 ஆகஸ்ட் 5 என்று தேதி போட்டு வரைந்த ஆர்னோ பள்ளத்தாக்கின் பேனா ஓவியம் ஃபுளோரன்ஸ் நகரின் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 21. அதில் வலப்பக்கத்து மேட்டில் இருக்கும் மரங்களைப் பாருங்கள். இலை என்று தனியாக எதுவும் கிடையாது. பக்கம் பக்கமாக வீசிய வளைகோடுகள்தான். மரங்களில் காற்று புகுந்து ஓடுவதுபோல இருக்கும். உண்மையில் ஆடியது அவருடைய மணிக்கட்டு.

அடுத்தது அழுத்தம். இங்கே கருவியைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. மையில் தொட்டு வரையும் எஃகு நிப்பின் நடுவே பிளவு உண்டு. கீழ்நோக்கி அழுத்தி இழுத்தால் இரண்டு பற்களும் விரிந்து கோடு தடிக்கும். மேல்நோக்கித் தள்ளினால் விரியாது, மெல்லிய கோடுதான் வரும். ஆகவே அந்த நிப்பால் வரைந்த மலைச்சரிவில் கோடு தடித்த இடமெல்லாம் கை கீழே இறங்கிய இடம். நாணல் பேனா வேறு ஜாதி. நாணல் தண்டைச் சீவிச் செய்வது, மையை அதிக நேரம் பிடித்துவைக்காது. முதல் சில இழுப்புகள் கொழுத்த கறுப்பாக விழும், பிறகு வறண்டுபோய்த் தாளின் சொரசொரப்பு தெரியும். இறகுப் பேனா இந்த இரண்டையும்விட இளக்கமாக வளைந்துகொடுக்கும். இப்போது பலர் கையில் இருக்கும் ஃபைன்லைனர் என்ற மெல்முனைப் பேனாவோ அழுத்தத்துக்கு அசைந்தே கொடுக்காது. சகுரா பிக்மா மைக்ரான் என்ற ஃபைன்லைனர் வகையில் முனை எண் 005 என்றால் கோடு 0.20 மில்லிமீட்டர், 01 என்றால் 0.25, 05 என்றால் 0.45. நீங்கள் கோபத்தில் இழுத்தாலும் கொஞ்சலாக இழுத்தாலும் ஏறத்தாழ அதே தடிமன்தான். ஃபைன்லைனர் படத்தில் கோடு ஒரே சீராக ஓடுவதைப் பார்த்து ‘ஓவியரின் நிதானம்’ என்று எழுதினால், பாராட்டு பேனா செய்தவர்களுக்குத்தான் போகிறது.

எனக்கே இது நடந்தது. நான் வரைந்த ஒரு குளக்கரைப் படத்தைப் பார்த்துவிட்டு, கோரைப்புதர் பகுதியில் ‘அடக்கிவைத்த கோபம்’ தெரிவதாக ஒருவர் உருகி உருகி எழுதியிருந்தார். அங்கே கோடுகள் நடுவில் பிளந்து இரட்டைத் தண்டவாளம்போல ஓடியிருந்தன, அங்கங்கே மையும் தெறித்திருந்தது. நடந்தது என்னவென்றால், நிப் தேய்ந்துபோயிருந்தது, அதன் ஒரு பல் தாளின் நாரில் மாட்டிக்கொண்டது. ஆனால் அந்தப் படத்தை நான் கிழித்துப் போடவில்லை. தெறித்த மை அந்தப் புதருக்குப் பொருந்திவந்தது, சரி இருக்கட்டும் என்று விட்டேன். தற்செயலாக விழுந்ததை வைத்துக்கொள்வதும் வரைபவரின் முடிவுதானே. அதனால் அவர் முழுக்கத் தவறு என்றும் சொல்ல மாட்டேன். படத்தில் அவர் பார்த்தது இருந்தது. அது எப்படி வந்தது என்பதில்தான் கோட்டைவிட்டார்.

இனி ஒரு படத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். வின்சென்ட் வான்கோ 1888 ஜூலையில், தென் பிரான்சில் ஆர்ல் ஊருக்கு அருகே உள்ள மோன்மஜூர் குன்றிலிருந்து லா க்ரோ சமவெளியை வரைந்த பெரிய பேனா ஓவியங்கள் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 49க்கு 61 சென்டிமீட்டர். ஆர்ல் பக்கத்து நாணலையே சீவிப் பேனாவாக்கிக்கொண்ட காலம் அது. பார்த்தவுடன் தெரிவது தட்டையான நிலம்; வயல்கள், பாதைகள், தொலைவில் மலைக்கோடு. வானம் கிட்டத்தட்ட வெறும் தாள்.

கீழ் விளிம்பிலிருந்து தொடங்குங்கள். அங்கே கோடுகள் தடித்து, குட்டையாக, தனித்தனியாக நிற்கின்றன. புல் என்றும் சொல்லலாம், பாறைச் செடி என்றும் சொல்லலாம், எது என்று அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கண்ணை மெல்ல மேலே கொண்டுபோனால் கோடுகள் சுருங்குகின்றன. அப்புறம் சிறு கீற்றாகின்றன, அப்புறம் வெறும் புள்ளி. ஒரு வயலில் புள்ளிகள், பக்கத்து வயலில் படுக்கைக் கோடுகள், அதற்கப்பால் குச்சி குச்சியாகச் செங்குத்துக் கோடுகள். பெரிய நிழல் பரப்பு எங்கும் இல்லை. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு தாளம், அந்தத் தாளங்கள் தொலைவு போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகின்றன, நிலம் விரிகிறது. இதில் எங்காவது பதற்றம் தெரிகிறதா என்று தேடிப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. ‘போதும், முடித்துவிடலாம்’ என்று அலுத்துக்கொண்ட இழுப்பும் கண்ணில் படவில்லை.

வரைந்துகொண்டிருந்தபோது ஒரு படைவீரன் அருகே வந்த கதையை வான்கோ நண்பர் எமில் பெர்னாருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். இந்த நிலம் எனக்குக் கடல்போல அழகாகத் தெரிகிறது என்றால் உனக்கு வியப்பாக இருக்குமா என்று அவனிடம் கேட்டாராம். அவன் கடலை அறிந்தவன். வியப்பில்லை, ஆனால் எனக்கு இது கடலைவிட அழகு, இங்கே மனிதர்கள் வாழ்கிறார்களே என்றானாம். இப்போது கோட்டுக்குத் திரும்புங்கள். படுக்கைக் கோடுகள் ஓரம் முதல் ஓரம் வரை தடையில்லாமல் ஓடியிருந்தால் கடலைத்தான் பார்த்திருப்போம். பாதைகளும் வயல் எல்லைகளும் சின்னச் சின்னச் செங்குத்துக் கோடுகளும் அந்த ஓட்டத்தை வெட்டி வெட்டி நிறுத்துகின்றன. யாரோ உழுதிருக்கிறார்கள், யாரோ நடந்திருக்கிறார்கள் என்று படுகிறது. படத்தில் ஆட்களைத் தேடினால் எறும்பளவுதான் கிடைப்பார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், வான்கோ என்ற பெயரைக் கேட்டதும் ‘கொந்தளிப்பு’ என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. மறுவருடம் சான் ரெமியில் மனநல விடுதியில் இருந்தபோது வரைந்த சைப்ரஸ் மரங்களில் கோடு சுழல்கிறது, மறுக்கவில்லை. அதே வருடத்து ‘விண்மீன் இரவு’க்குப் பேனா வடிவம் ஒன்று உண்டு, அதிலும் சுழல்தான். ஆனால் அந்தப் பேனா வடிவம், வண்ண ஓவியத்தை முடித்தபிறகு அதைப் பார்த்து, தம்பி தியோவுக்கு அனுப்புவதற்காக வரைந்தது. சுழலை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். கோடுகள் ஒன்றையொன்று இடிக்காமல் வரிசை கட்டிப் போகின்றன. தறிகெட்ட கையால் அப்படிப் போட முடியாது. படத்தின் மனநிலை ஒன்று, வரைந்தவரின் அன்றைய மனநிலை இன்னொன்று. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டாமல் இருந்தாலே, நீங்கள் சொல்லும் ‘அளந்துவிடுவது’ பெரும்பாலும் நின்றுவிடும்.

டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் ‘மூன்று மரங்கள்’ இதற்கு நேர் எதிர்த் திசை. ஆண்டு 1643. இது பேனா ஓவியம் இல்லை, செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் எச்சிங், கூடவே தகட்டில் நேரடியாகக் கீறிய கோடுகளும் உண்டு. ஆனாலும் கோட்டைப் பற்றிய பாடம் இதில் இருப்பதுபோல் பச்சையாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அளவு சுமார் 21க்கு 28 சென்டிமீட்டர். வலப்புற மேட்டில் மூன்று மரங்கள் கருத்து நிற்கின்றன. இடப்புறம் தாழ்ந்த சமவெளி, தூரத்தில் ஊர். இடது மேல் மூலையில் அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல விறைப்பான சாய்கோடுகள். படத்தின் மற்ற இடங்களில் கோடு வளைகிறது, சுருள்கிறது, பொடிப்பொடியாக நடக்கிறது. இலை, மேகம், புதர் எல்லாவற்றின் உருவத்தையும் தொட்டுத் தடவிச் செல்கிறது. இந்த மூலைக் கோடு மட்டும் யாரையும் மதிக்கவில்லை. மேகத்தின் மேலேயே ஏறி வெட்டிக்கொண்டு இறங்குகிறது. மழை என்று பிறகு புரிகிறது. அதற்கு முன்பே, கூட்டமாகப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் யாரோ அதட்டிய மாதிரி இருக்கிறது.

அந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். மீதிப் படம் சாதாரணமான ஒரு பொழுதாகத் தணிந்துவிடும். விரலை எடுத்தால் மூன்று மரங்களும் எதையோ எதிர்த்து நிற்கத் தொடங்கிவிடும். மரத்தில் ஒரு கோடும் மாறவில்லை. புயல் வருகிறதா, விலகுகிறதா என்று கேட்டால் பார்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். நான் விலகுகிறது கட்சி, வலப்பக்கத்து வானம் அவ்வளவு வெளுத்துக் கிடப்பதால். மனநிலைக்கு வைக்கும் பெயரில் இப்படி வேறுபடலாம், குற்றமில்லை. ஆனால் மூலைக்கோடு விறைப்பானது, மற்றதையெல்லாம் வெட்டிக்கொண்டு போகிறது என்பதில் இரண்டு கட்சிக்கும் சண்டை கிடையாது. ‘எல்லாம் அவரவர் கற்பனை’ என்பவர்களிடம் நான் இதைத்தான் காட்டுவேன். (இந்தப் படத்தில் வலது கீழ்ப் புதரின் இருட்டுக்குள் ஒரு காதல் ஜோடி ஒளிந்திருக்கிறது. நல்ல பிரதியில் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும்.)

சரி, கோடு இல்லாத இடத்துக்கு வருவோம். பேனா நிலக்காட்சியின் மனநிலையில் பாதிக்கு மேல் இங்கேதான் முடிவாகிறது என்று நினைக்கிறேன். மை ஓவியத்தில் வழக்கமாக வெள்ளை பூசுவதில்லை. தாளை விட்டுவைத்தால்தான் வெளிச்சம். ஆக, வெறும் தாள் தெரியும் இடமெல்லாம் வரைபவர் கையை அடக்கிக்கொண்ட இடம். ரெம்ப்ராண்ட் 1650ஐ ஒட்டி வரைந்த ஒரு சின்னஞ்சிறு பனிக்கால நிலக்காட்சி ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் சுமார் 16 சென்டிமீட்டர், உயரம் 7 சென்டிமீட்டரைத் தொடாது. மிகக் கொஞ்சம் கோடுகள். பனி என்று எதுவும் வரையப்படவில்லை. பொருள்களின் விளிம்புக் கோடு பாதியில் அறுகிறது, இடைவெளி விட்டு மறுபடி தொடங்குகிறது, அந்த இடைவெளியில் பனி கிடக்கிறது. அறுந்த கோட்டைக் கண் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. அப்படி நிரப்பும்போது பார்வை மெதுவாகிறது. அந்த மெதுவைத்தான் ‘அமைதி’ என்கிறோம் போலிருக்கிறது. இதே காட்சியில் எல்லா விளிம்பையும் முழுதாகக் கட்டி முடித்திருந்தால் பனி உருகிப்போய், வரைபடம்தான் மிஞ்சியிருக்கும்.

புதிதாக வரையத் தொடங்குபவர்கள் தடுக்கி விழுவதும் இதில்தான். ஒவ்வொரு கூரைக்கும், ஒவ்வொரு கிளைக்கும் விளிம்பை மூடிவிடுவார்கள். படம் சரியாக இருக்கும், காற்று இருக்காது.

நிழலுக்காகப் பக்கம் பக்கமாகக் கோடு போடும் ஹாட்சிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேனா ஓவியத்தில் சாம்பல் நிறம் என்பதே அதுதான். மை ஒரே கறுப்பு, இடைவெளியைக் கூட்டிக் குறைத்துத்தான் சாம்பல் வரும். மலை, மரம், நீர் எல்லாவற்றின் மேலும் ஒரே சாய்வில் கோடு ஓடினால், படம் முழுவதும் மெல்லிய திரை போட்ட மாதிரி ஆகிவிடும். பொருள்கள் பின்வாங்கும், பொழுது முன்னால் வரும். கோடு ஒவ்வொரு பொருளின் வளைவையும் சுற்றிக்கொண்டு போனால் எதிர்விளைவு, பாறையின் முதுகைக் கையால் தடவிப் பார்த்த மாதிரி இருக்கும். கோடுகளைக் குறுக்காக அடுக்கும் கிராஸ் ஹாட்சிங்கில் கோணத்தைக் கவனியுங்கள். செங்கோணத்தில் வெட்டினால் சல்லடைபோல விறைத்து நிற்கும், நிழல் சுவராகிவிடும். குறுகிய கோணத்தில் வெட்டினால் பட்டுத்துணி மடிப்புபோல் நெளியும். முதல் அடுக்கின் இடைவெளிகள் சற்றேனும் திறந்திருந்தால் இருட்டுக்குள்ளும் மூச்சு இருக்கும். முழுக்க அடைத்துவிட்டால் அது ஓட்டை.

ஒரு எச்சரிக்கை. சாய்வின் திசையில் அவசரப்பட்டு அர்த்தம் தேடாதீர்கள். வலக்கைக்காரரின் கை இயல்பாக ‘கீழ் இடமிருந்து மேல் வலம்’ என்று சாயும், இடக்கைக்காரருக்கு மாறிச் சாயும். லியோனார்டோவின் நிழற்கோடுகள் பெரும்பாலும் மேல் இடமிருந்து கீழ் வலமாகச் சரிவதற்கு அவருடைய இடக்கைப் பழக்கம்தான் காரணம், மனச்சோர்வு இல்லை.

ஃபிராங்க்ளின் பூத் என்று ஓர் அமெரிக்கர், 1874இல் பிறந்தவர். சிறுவயதில் பத்திரிகைகளில் வந்த மரச்செதுக்குப் படங்களைப் பேனாவால் வரைந்தவை என்று நம்பிக்கொண்டு, அவற்றைப் பேனாவாலேயே நகலெடுத்துப் பழகினாராம். மரத்தில் செதுக்கும் கோடு மெல்ல மெல்லத் தடித்து மெல்ல மெல்ல மெலியும், ஒன்றை ஒன்று தொடாமல் அருகருகே போகும். பேனாவால் அதைச் சாதிக்க முயன்று முயன்று, வேறு யாருக்கும் வாய்க்காத கோடு அவருக்கு வாய்த்தது. அவருடைய பிரம்மாண்டமான மேகங்களையும் மரங்களையும் பார்த்தால் கோயிலுக்குள் நிற்பதுபோல் ஓர் அடக்கம் வரும். கோடு அவசரமே படாததுதான் காரணம். தவறாகப் புரிந்துகொண்டதிலிருந்து இப்படியும் ஒன்று விளையலாம்.

புள்ளி வேலையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. புள்ளிக்குத் திசை கிடையாது, ஆகவே அது காற்றையும் மணலையும் மூடுபனியையும் நன்றாகச் சொல்லும். படம் முழுக்கப் புள்ளியாக இருந்தால் உழைப்பு தெரியும், கை தெரியாது. எனக்கு அலுத்துவிடும். ரசிப்பவர்கள் மன்னிக்கவும்.

மனநிலையைப் பற்றி வாயைத் திறக்கும் முன் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஒன்று மையின் நிறம். பழைய பேனா ஓவியங்களின் இதமான பழுப்பைப் பார்த்து ‘பழம் நினைவுகளின் ஏக்கம்’ என்று எழுதத் தோன்றும். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் புழங்கிய ஒரு மை, ஓக் மரத்தின் புடைப்புகளிலிருந்து எடுத்த துவர்ப்புச் சத்தையும் இரும்பு உப்பையும் சேர்த்துச் செய்தது. எழுதியபின் கறுக்கும், பல ஆண்டுகள் கழித்துப் பழுப்பாகும், சில சமயம் தாளையே அரித்துவிடும். வான்கோவின் பேனா ஓவியங்கள் பலவற்றிலும் இன்று நாம் பார்க்கும் பழுப்பு அவர் பார்த்த நிறம் இல்லை, மை வெளிறியதால் வந்தது. புத்தம்புதிதாக அவை தாளின் மேல் இன்னும் கடுமையாக நின்றிருக்கும். மரப்புகையின் கரியிலிருந்து செய்த பிஸ்டர்போல தொடக்கத்திலேயே பழுப்பான மைகளும் உண்டு என்பதால், எது எந்த மை என்று தெரியாமல் நிறத்தை வைத்து ஏக்கத்தை அளக்க வேண்டாம்.

இன்னொன்று அளவு. 61 சென்டிமீட்டர் அகலப் படத்தைக் கைபேசித் திரையில் 6 சென்டிமீட்டரில் பார்த்தால் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து வெறும் சாம்பலாகிவிடும். மூலத்தில் முரட்டுத்தனமாக இருக்கும் நாணல் கோடு, திரையில் பட்டுநூல் ஆகிவிடும். குறைந்தது ஒரு பகுதியையாவது உண்மையான அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டின் தடிமன் பேனா முனையின் தடிமனாகத் தெரியும்வரை.

பழகுவதற்கு வழி கேட்டீர்கள். எனக்குப் பலித்த ஒன்றைச் சொல்கிறேன். பிடித்த பேனா நிலக்காட்சியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். முதலில் காலிப் பேனாவால் காற்றிலேயே அந்தக் கோடுகளின் மேல் ஓட்டிப் பாருங்கள். எந்த முனையில் தொடங்கியிருக்கும், எந்த முனையில் தூக்கியிருப்பார் என்று கையே ஊகிக்கும். அப்புறம் மையில் அதே அளவில் நகலெடுங்கள். படம் அழகாக வர வேண்டியதில்லை. கோட்டின் எண்ணிக்கையும் நீளமும் இடைவெளியும் மட்டும் பொருந்த வேண்டும்.

லா க்ரோ படத்தின் நடுவில் புள்ளிகளாலான ஒரு வயலை நான் இப்படி எடுத்துப் பார்த்தேன். முதல் நான்கைந்து வரிசை ஒழுங்காக வந்தது. அதற்கு மேல் என் புள்ளிகளுக்கு வால் முளைக்கத் தொடங்கியது. பேனாவைத் தூக்குவதற்குள் கை அடுத்த புள்ளிக்குப் போய்விடுகிறது. கடைசி வரிசைகளில் எல்லாமே ஒரு பக்கமாகச் சரிந்த கீற்றுகள். அவருடைய வயலில், அதே இடத்தில், தொலைவு கூடக் கூடப் புள்ளி சிறுத்திருந்தது. ஒன்றுக்கும் வால் இல்லை. என் வயலில் மழை பெய்துகொண்டிருந்தது.